முதல் மொழியும் முதல் பிழையும்

பள்ளி மாணவருக்கு முதலில் எந்த நிரலாக்க மொழியைக் கற்பிப்பது என்ற கேள்வி, கணினி வகுப்பறைக்குள் நுழைந்த காலந்தொட்டே இருந்து வருகிறது. அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்னும் எண்ணத்தில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்சும் 1964இல் டார்ட்மத் கல்லூரியில் பேசிக் மொழியை இயக்கிக் காட்டினர். சீமோர் பேப்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1967இல் குழந்தைகளுக்கென்றே லோகோவை உருவாக்கினர். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல், ஒழுங்குபட நிரல் எழுதும் பழக்கத்தைக் கற்பிப்பதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. கற்பித்தலை முன்னிட்டே பிறந்த இம்மொழிகளின் வரலாறு இவ்வாறிருக்க, இன்றைய விவாதம் பெரும்பாலும் வேலைவாய்ப்பைச் சுற்றியே நடைபெறுகிறது.

தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் அறிமுகமான கணினி அறிவியல் பாடநூல்கள், பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் வைத்தன. பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் வடிவமைத்த சி++, பெரிய மென்பொருள்களை வேகம் குன்றாமல் எழுதுவதற்கான தொழில்முறைக் கருவி; பைத்தானுக்கு முன்னோடியான ஏபிசி மொழியோ நிரலாக்கத்தில் பழக்கமில்லாதவரை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. ஆகவே கடினமானது முன்னும் எளியது பின்னுமாக வரிசை அமைந்துவிட்டது.

இரண்டு மதிப்பெண்களைப் பெற்றுக் கூட்டும் சிறு நிரலை எடுத்துக்கொண்டால் இவ்வரிசையின் விளைவு புலப்படும். சி++ மொழியில் தலைப்புக் கோப்பு, பெயர்வெளி, முதன்மைச் செயற்கூறு, நெளிவு அடைப்புக்குறிகள் ஆகியவற்றைப் பொருள் விளங்காமலே எழுதிய பின்னர்தான் மாணவர் கூட்டலுக்கு வருகிறார். இடையில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டால், நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தரும் நிரல்பெயர்ப்பி பல வேளைகளில் அடுத்த வரியையே சுட்டுவதால், குற்றமற்ற வரியில் குற்றம் தேடுகிறார். பைத்தானில் அதே வேலை மூன்று வரிகளில் முடிகிறது. எனினும் அதன் இன்புட் செயற்கூறு எதைப் பெற்றாலும் சரமாகவே, அதாவது எழுத்துகளின் கோவையாகவே, தருவதால், 35, 40 என உள்ளிட்ட மாணவருக்கு 75க்குப் பதில் 3540 விடையாக வருகிறது.

இரண்டும் பிழைகளே என்றாலும், முதலாவது மொழியின் எழுத்து விதியைப் பற்றியது. இரண்டாவது, எண்ணுக்கும் எண்ணுருவுக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது தரவினம் என்னும் கருத்தை, மாணவர் தாமே கேட்டறியத் தூண்டுவது. கற்போர் இயக்கப் பழகும் கணினியின் பொதுப் பண்புகளைக் காட்டும் கருத்துருவை, நிரலாக்கக் கற்றலை ஆராய்ந்த பெனடிக்ட் டு பூலே ‘கருத்தியல் எந்திரம்’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்தார். அவ்வெந்திரத்தைப் பற்றி மாணவர் மனத்தில் கொள்ளும் உருவத்தைத் திருத்த உதவும் பிழைகளை விரைவில் எதிர்கொள்ளச் செய்யும் மொழியே முதல் மொழியாகத் தகுதி பெறுகிறது. தொடரியல் எனப்படும் எழுத்து விதியின் பங்கும் சிறிதன்று: ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக், சூசன்னா சீபர்ட் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெர்ல், ஜாவா தொடரியல்களைப் பயன்படுத்திய புதியவர்கள், குறியீடுகளைத் தற்போக்கில் தேர்ந்து அமைத்த ஒரு மொழியைப் பயன்படுத்தியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு துல்லியமாக எழுதவில்லை, பைத்தான் தொடரியலைப் பயன்படுத்தியோர் துல்லியமாக எழுதினர்.

தமிழ்வழி மாணவருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. பைத்தான் 3 தமிழ் எழுத்துகளாலான மாறிப் பெயர்களை ஏற்பதால், மதிப்பெண், கூடுதல் என்றே பெயரிட்டு நிரல் எழுத இயலும். அவ்வாறு எழுதும்போது மொழிக்கே உரிய சிறப்புச் சொற்கள் ஆங்கிலத்திலும், மாணவர் தாமே இட்ட பெயர்கள் தமிழிலும் நிற்பதால், எந்தச் சொல் மாற்றக்கூடாதது, எது விருப்பப்படி சூட்டத்தக்கது என்பது பார்த்த அளவிலேயே தெரிந்துவிடும். முழுவதும் தமிழ்ச் சொற்களால் அமைந்த எழில் மொழியும், கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராட்சும் இதற்கு முந்தைய படிகளாகக் கீழ்வகுப்புகளில் பயன்படத்தக்கவை.

சி++ தரவினத்தை முன்கூட்டியே அறிவிக்கச் செய்வதால் ஒழுங்கு பிறக்கிறது என்பாரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் 3540இன் காரணத்தைக் கண்டறிந்த மாணவருக்கே அவ்வறிவிப்பின் தேவை விளங்கும். ஆதலின் பைத்தான் பதினொன்றாம் வகுப்பிலும் சி++ அதன்பின்னும் வருவதே முறை. வரிசையை மாற்றுவது பாடத்திட்டக் குழுவின் பணி. அதுவரை எந்த மொழியைக் கற்பிப்பினும், நிரலை இயக்குமுன் விடையைத் தாளில் ஊகித்து எழுதச் செய்து, ஊகமும் திரையும் மாறுபடும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது ஆசிரியர் கையிலேயே உள்ளது.