ஊதினாலும் தெரியாது!

ஆபீஸில் ஒரே ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள். அடுத்த நிமிஷம் உங்களைச் சுற்றி நாலு டாக்டர்கள் நிற்பார்கள். அக்கௌண்ட்ஸ் செக்‌ஷன்காரர், "ஆவி பிடிங்க சார்" என்பார். பக்கத்து சீட் ஆசாமி மிளகுக் கஷாயம் சிபாரிசு செய்வார். கடைசியில் ஒரு புண்ணியவான் டிராயரைத் திறந்து, பாதி வெட்டின மாத்திரை ஸ்ட்ரிப்பை நீட்டுவார். "ஒண்ணு போடுங்க, கப்புனு நிக்கும்!"

நிற்கும்தான். மூக்கு நிற்கும். கூடவே மூளையும் கொஞ்சம் நிற்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது வண்டி நிற்குமா என்பதுதான் கேள்வி.

நம் உடம்பில் ஹிஸ்டமின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. அலர்ஜி வந்தால் மூக்கை ஒழுக விடுவது இந்த ஆசாமிதான். ஆனால் மூளைக்குள் இவருக்கு வேறு உத்தியோகம். நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வாட்ச்மேன்களில் இவரும் ஒருவர். குளோர்பெனிரமின் மாதிரியான பழைய தலைமுறை மாத்திரைகள் மூக்கோடு நிற்பதில்லை. மூளைக்குள்ளும் புகுந்து வாட்ச்மேனையும் படுக்கப் போட்டுவிடும். பின்னால் வந்த செட்டிரிசின் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் சிலருக்குக் கண்ணைச் சொருகும். ஃபெக்ஸோஃபெனடின் மூளைப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

"எனக்கெல்லாம் தூக்கமே வராதுப்பா" என்பவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அலர்ஜி உள்ள 40 பேரை, நிஜ கார் போலவே இயங்கும் யந்திரத்தில் உட்கார வைத்து ஓட்டச் சொன்னார்கள். 2000-ல் முடிவு வெளியானது. டைஃபென்ஹைட்ரமின் என்ற பழைய அலர்ஜி மருந்தை 50 மில்லிகிராம் சாப்பிட்டபோது, மது குடித்தபோது ஓட்டியதை விட மோசமாக ஓட்டினார்கள்! இன்னொரு விசேஷம்: தூக்கம் வருகிறதா என்று அவர்கள் சொன்னதற்கும், அவர்கள் ஓட்டின லட்சணத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதாவது, நாம் தெளிவாக இருக்கிறோமா என்று நம்மையே கேட்பது, ஆடிட் செய்யச் சொல்லிக் கேஷியரிடமே கணக்கைக் கொடுப்பது மாதிரி.

ராத்திரி போட்டால் காலையில் சரியாகிவிடுமா? அதுவும் நிச்சயமில்லை. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை மறுநாள் காலையிலும் ரத்தத்தில் தங்கி, வண்டி ஓட்டுவதைக் கெடுக்கிறது என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது.

சிக்னலில் போலீஸ்காரர், "ஊது" என்றால் தைரியமாக ஊதலாம். மிஷின் மதுவைத்தான் மோப்பம் பிடிக்கும், மாத்திரையை அல்ல. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் குடிபோதைக்குப் பக்கத்திலேயே, மருந்தின் பிடியில் கட்டுப்பாடு இழந்து ஓட்டுவதும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் கூடக் கிடைக்கலாம்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். இந்தக் கணக்கைப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக், ஒரு செகண்டில் 11 மீட்டர் தாண்டுகிறது. மூன்று செகண்ட் கண் அசந்தால் 33 மீட்டர். கிட்டத்தட்ட மூன்று பஸ் நீளத்துக்கு வண்டியை ஓட்டியது யார்? யாருமில்லை. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையும், பின்னால் சம்சாரமும் இருந்தால், அந்த 33 மீட்டரில் அவர்களும் யாருமில்லாத வண்டியில்தான் போகிறார்கள்.

மருந்துக் கம்பெனிகள் சொல்லாமல் இல்லை. 'தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டாதீர்கள்' என்று எறும்பு எழுத்தில் போடத்தான் செய்கிறார்கள். நாம் கேட்பதோ ரெண்டே ரெண்டு மாத்திரை. கடைக்காரர் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டித் தருகிறார். மாத்திரை நம் பாக்கெட்டுக்கு வருகிறது, எச்சரிக்கை கடையிலேயே தங்கிவிடுகிறது! பிரான்ஸில் மருந்துப் பெட்டி மேலேயே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் கார் படம் போட்டு அபாயத்தைச் சொல்கிறார்கள்.

படம் வரும்வரை நாம் வாயைத் திறந்து கேட்கலாம்: "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?" இருமல் சிரப், பிரயாண வாந்தி மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், வியர்த்து, கை நடுங்கினால் உடனே ஓரம் கட்டி இனிப்பாக ஏதாவது சாப்பிடட்டும். அதற்காக டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்ன மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று அவரிடமே கேளுங்கள்.

மற்றபடி ஜலதோஷ மாத்திரை போட்ட அன்றைக்கு பஸ்ஸில் போங்கள். ஜன்னலோர சீட் கிடைத்தால் ஜம்மென்று தூங்கலாம். ஏறும்போது ஒன்றே ஒன்று மட்டும் கவனியுங்கள்.

டிரைவர் தும்முகிறாரா?