பிரிட்டன் தேர்தல்: போவன்பள்ளியில் எழுந்த கேள்வி

செகந்திராபாத் கண்டோன்மென்ட் எல்லைக்குட்பட்ட புது போவன்பள்ளியில் முப்பது ஆண்டுகளாகக் கட்சி உறுப்பினராக இருந்துவரும் தமிழ்த் தோழர் ஒருவருக்கு, ஜூன் மாத இறுதியில் லண்டனிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் அவருடைய மகள். கிழக்கு லண்டனின் இல்ஃபோர்டு பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் அவர் பணிபுரிகிறார். “ஜூலை நாலாம் தேதி எனக்கும் ஓட்டு இருக்குப்பா. யாருக்குப் போடறது?” என்று கேட்டார்.

இந்தியக் குடிமகளுக்கு பிரிட்டனில் வாக்கு எப்படி என்று சிலர் வியக்கக்கூடும். காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் பிரிட்டனில் சட்டப்படி வசிப்பவர்களாக இருந்தால், மாணவர்கள் உட்பட, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பேரரசு விட்டுச்சென்ற மிச்சங்களில் இதுவும் ஒன்று. ஜூன் 18க்குள் பெயரைப் பதிவு செய்துகொண்டு, வாக்குச்சாவடியில் இந்தியக் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். அதே பெண்ணால் மே 13 அன்று சொந்தத் தொகுதியான மல்காஜ்கிரியில் வாக்களிக்க இயலவில்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியர் நேரில் வந்தாலன்றி இங்கே வாக்கில்லை. தந்தைக்கோ வேறொரு குறை. கண்டோன்மென்ட் வாரியத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பேற்கும் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தந்தைக்கு வழியில்லை. மகளோ வெஸ்ட்மின்ஸ்டருக்கு உறுப்பினரை அனுப்புகிறார்!

அவருடைய கேள்வி அரசியல் ஆர்வத்தால் மட்டும் எழுந்ததன்று. பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருவோர் கணவன், மனைவி, குழந்தைகளை அழைத்துவரக் கூடாது என்று சுனக் அரசு விதித்த தடை 2024 மார்ச் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. இவர் அதற்குப் பின் சென்றவர். நான்கு வயது மகன் போவன்பள்ளியில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறான். பிரிட்டனின் முதியோரைக் குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. உழைப்பை மட்டும் உரித்தெடுத்துக்கொண்டு உழைப்பவரை வாசலிலேயே நிறுத்திவைக்கும் இந்த ஏற்பாட்டை மாற்றுவதாகத் தொழிற்கட்சி வாக்களித்ததா என்றால், இல்லை. நிகரக் குடியேற்றத்தைக் குறைப்போம் என்றே அதன் தேர்தல் அறிக்கையும் கூறியது.

இல்ஃபோர்டு வடக்குத் தொகுதியில் தொழிற்கட்சியின் வேட்பாளர் வெஸ் ஸ்ட்ரீட்டிங். பொதுச் சுகாதாரச் சேவையின் காத்திருப்புப் பட்டியலைக் குறைக்கத் தனியார் மருத்துவமனைகளைப் பயன்படுத்தத் தயங்கமாட்டேன் என்று வெளிப்படையாகப் பேசிவந்தவர். அவரை எதிர்த்து லியான் முகமது என்னும் 23 வயதுப் பாலஸ்தீன வம்சாவளிப் பெண் சுயேச்சையாக நின்றார். காஸாவுக்கு நீரையும் மின்சாரத்தையும் நிறுத்தும் உரிமை இஸ்ரேலுக்கு உண்டு என்று பொருள்படும்படி 2023 அக்டோபரில் தொழிற்கட்சித் தலைவர் ஸ்டார்மர் அளித்த பேட்டியை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. பின்னர் அவர் தந்த விளக்கம் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. மகளின் மனம் லியான் பக்கம் இருந்தது. ஆயினும் வாக்கு சிதறிப் பழைய ஆளுங்கட்சி வந்துவிடுமோ என்று அஞ்சினார்.

தந்தை தயங்காமல் விடை சொன்னார்: கன்சர்வேட்டிவ் கட்சியைத் தோற்கடிப்பது முதல் கடமை, அதற்கு வலுவுள்ளவர் யாரோ அவருக்கே போடு. மே 13 அன்று அவர் தாமும் பின்பற்றிய வழி அதுதான். மகள் அப்படியே செய்தார்.

மறுநாள் காலை முடிவு வந்தது. ஸ்ட்ரீட்டிங் வென்றார், 528 வாக்கு வித்தியாசத்தில். இரண்டாமிடம் லியான் முகமதுக்கு. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வெகுவாகப் பின்தங்கி மூன்றாமிடத்தில் இருந்தார். எவரைத் தடுப்பதற்காக மகள் விரும்பாத சின்னத்தில் முத்திரையிட்டாரோ, அவர் வெல்லும் நிலையிலேயே இல்லை. ஸ்ட்ரீட்டிங் சுகாதார அமைச்சரானார். மகள் அன்று மாலை அழைத்தபோது கோபப்படவில்லையாம். “அப்பா, அங்க எண்ணிக்கை எப்படின்னு நீங்க கேக்கவே இல்லையே” என்று மட்டும் சொன்னாராம்.

நியாயமான குறை. தந்தை கூறிய விதியில் பிழையில்லை. அவர் அதைக் கையாண்ட விதத்தில்தான் பிழை. பெரிய எதிரியைத் தோற்கடிக்கும் விதி, அந்த எதிரி உண்மையில் களத்தில் இருக்கும் இடத்தில் மட்டுமே பொருளுடையது. பதினான்கு ஆண்டு ஆட்சியால் வெறுக்கப்பட்டு நாடெங்கும் சரிந்துகொண்டிருந்த கட்சி, முந்தைய தேர்தலிலேயே தோற்ற இத்தொகுதியில் என்ன வலுவோடு இருந்தது என்பதை யாரும் ஆராயவில்லை.

அப்படியானால் மனம் சொன்னபடி வாக்களிப்பதே சரி என்று முடிவு கட்டிவிடலாமா? இல்ஃபோர்டு வடக்கை ஒட்டியிருக்கும் சிங்ஃபோர்டு-உட்ஃபோர்டு கிரீன் தொகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே பொருளியலாளர் ஃபைசா ஷஹீன் 2019இல் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று 1,262 வாக்குகளில்தான் தோற்றார். இம்முறையும் அவரே வேட்பாளராக இருந்தார். வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருந்தபோது கட்சித் தலைமை அவரை நீக்கிவிட்டு வேறொருவரை நிறுத்தியது. ஃபைசா சுயேச்சையாக நின்றார். முடிவு: கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் தலைவர் இயான் டங்கன் ஸ்மித் 17,281, தொழிற்கட்சி 12,524, ஃபைசா 12,445. இருவர் பெற்ற வாக்குகளையும் கூட்டினால் 24,969 வருகிறது. ஏழைகளின் நலத்திட்டங்களை வெட்டிச் சிதைத்த அமைச்சர் என்று பெயரெடுத்தவர், தம்மை விரும்பாத பெரும்பான்மையின் நடுவே நடந்து நாடாளுமன்றம் போய்ச் சேர்ந்தார். முதற்பழி தொழிற்கட்சித் தலைமையையே சாரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழியை யார் மேல் போட்டாலும் எண்ணிக்கை மாறுவதில்லை.

அடுத்தடுத்த இரண்டு தொகுதிகள். ஒன்றில் அச்சத்தால் போட்ட வாக்கு தேவையற்றதாயிற்று; மற்றதில் துணிவோடு போட்ட வாக்கு பகைவனுக்கு உதவிற்று. இரண்டிலும் வாக்காளர்கள் நேர்மையாகவே சிந்தித்தார்கள், ஆனால் தனித்தனியாகச் சிந்தித்தார்கள். பக்கத்து வீட்டார் என்ன செய்யப்போகிறார் என்பது எவருக்கும் தெரியாது. யாருக்குப் போடுவது என்ற வினாவைத் தனி மனிதரின் மனச்சாட்சி விவகாரமாகச் சுருக்குவது முதலாளித்துவத் தேர்தல் முறைக்கு மிகவும் வசதியானது. அந்த வினாவுக்குத் தெருவும் தொழிற்சங்கமும் சேர்ந்துதான் விடை காண முடியும்.

அவ்வாறு விடை கண்ட தொகுதியும் லண்டனிலேயே இருக்கிறது. இஸ்லிங்டன் வடக்கில், தொழிற்கட்சி வெளியேற்றிய ஜெரமி கார்பின் சுயேச்சையாக 24,120 வாக்குகள் பெற்று, தொழிற்கட்சியின் 16,873ஐத் தாண்டி வென்றார். 1983 முதல் அத்தொகுதியின் உறுப்பினர் அவர். குடியிருப்போர் சங்கம், வாடகைப் பிரச்சினை, அகதிகளின் விசா மனுக்கள் என்று நாற்பதாண்டுகள் அலைந்தவருக்கு வாக்குக் கேட்டுச் செல்ல ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். வாக்கு சிதறும் என்ற மிரட்டல் அங்கே எடுபடவில்லை.

இந்த விவாதம் புதியதன்று. 1920இல் பிரிட்டன் கம்யூனிஸ்டுகள் தொழிற்கட்சியை ஆதரிப்பதா, நாடாளுமன்றத்தையே புறக்கணிப்பதா என்று பிளவுபட்டு நின்றபோது, ‘“இடதுசாரி” கம்யூனிசம் - இளம்பருவக் கோளாறு’ நூலில் லெனின் அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். தொழிற்கட்சித் தலைவர்களின் மீது நம்பிக்கை வைத்து அவர் ஆதரவு கோரவில்லை; அவர்கள் ஆட்சிக்கு வந்தால்தான் அவர்களின் தன்மையை மக்கள் தம் சொந்த அனுபவத்தில் உணர்வார்கள் என்பது அவர் வாதம். விமர்சிக்கும் முழுச் சுதந்திரத்தையும் கைவிடலாகாது என்பதையும் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டாவது பகுதியை வசதியாக மறந்துவிடுவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. அன்று நாடாளுமன்றமே வேண்டாமென்று வாதாடிய ஸ்காட்லாந்துத் தோழர் வில்லி கல்லாச்சர், பின்னாளில் மேற்கு ஃபைஃப் தொகுதியிலிருந்து 1935இல் கம்யூனிஸ்ட் உறுப்பினராகத் தேர்வாகிப் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே வாதாடினார்.

அவருக்கும் முன்னோடி பம்பாயில் பிறந்த ஷாபுர்ஜி சக்லத்வாலா. லண்டனின் வடக்கு பேட்டர்சீ தொகுதி 1922இல் தொழிற்கட்சியின் ஆதரவோடு இந்தக் கம்யூனிஸ்டைத் தேர்ந்தெடுத்தது. 1923இல் தோற்றார். 1924இல் தொழிற்கட்சித் தலைமை கைவிட்ட நிலையிலும் உள்ளூர்த் தொழிற்சங்கத்தார் அவர் பக்கம் நின்றார்கள்; மீண்டும் வென்றார். டாட்டா குடும்பத்து உறவினரான அவருக்குப் பேட்டர்சீ தொழிலாளர்கள் எதற்காக வாக்களித்தார்கள்? 1926 பொது வேலைநிறுத்தத்தையொட்டிப் பேசிய பேச்சுக்காக இரண்டு மாதம் சிறை சென்றவர் என்பதே அதற்கு விடை சொல்லும்.

மீண்டும் போவன்பள்ளிக்கு வரலாம். நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட மக்களவைத் தொகுதி மல்காஜ்கிரி. 37 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாக்களிக்கவில்லை. பா.ஜ.க. வேட்பாளர் ஈட்டல ராஜேந்தர் 2021 வரை சந்திரசேகர ராவின் அமைச்சரவையில் இருந்தவர். காங்கிரஸ் வேட்பாளர் பட்னம் சுனிதா 2024 பிப்ரவரியில்தான் பி.ஆர்.எஸ். கட்சியை விட்டு வந்தவர். அதே நாளில் நடந்த கண்டோன்மென்ட் சட்டமன்ற இடைத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்திய ஸ்ரீ கணேஷ், ஆறு மாதங்களுக்கு முன் அதே தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்றவர்! கட்சித் துண்டை மாற்றிப் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும் இவர்களுக்கு. பா.ஜ.க.வைத் தோற்கடிக்க வேண்டும் என்ற இடதுசாரிகளின் அறைகூவலை ஏற்றுத் தோழர் இரண்டு இயந்திரங்களிலும் கை சின்னத்தை அழுத்தினார். சட்டமன்றத்துக்குக் காங்கிரசும் மக்களவைக்கு பா.ஜ.க.வும் வென்றன.

இங்கே எதிரி களத்தில் இருந்தார். ஆகவே விதி பொருந்தியது. ஆயினும் தோழரின் ஒற்றை விரலால் ஆவதென்ன? போவன்பள்ளிக் காய்கறிச் சந்தையில் விடியற்காலை மூட்டை சுமப்போரில் எத்தனை பேருக்கு அந்த அறைகூவல் போய்ச் சேர்ந்தது? தேர்தல் முடிந்தபின் கேட்கத்தக்க கேள்வி இது. சங்கடமானது என்பதால் கிளைக் கூட்டங்களில் தள்ளிவைக்கப்படுவதும் இதுவே.

பிரிட்டனில் தொழிற்கட்சி 33.7 விழுக்காடு வாக்குகளில் 411 இடங்களைப் பெற்றது. அதற்குக் கிடைத்தவை சுமார் 97 லட்சம் வாக்குகள். 2017இல் கார்பின் தலைமையில் தோற்றபோது கிடைத்தவை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். நிகெல் ஃபராஜின் குடியேற்ற எதிர்ப்புக் கட்சி 14 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மணல்மேட்டின் மீது கட்டிய இந்த மாளிகையில் குடியேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 23 அன்று, ஏழைக் குடும்பங்களில் இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதியை நீக்கக் கோரி வாக்களித்த ஏழு சொந்த உறுப்பினர்களைத் தொழிற்கட்சி தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தது. ஜான் மெக்டொனல், சாரா சுல்தானா ஆகியோர் அவர்களில் அடங்குவர்.

அடுத்த வாரமே தெருக்கள் எரிந்தன. சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் கொல்லப்பட்டதையடுத்து, கொலையாளி ஓர் இஸ்லாமிய அகதி என்ற பொய் பரப்பப்பட்டது. ராதரம் நகரில் அகதிகள் தங்கியிருந்த விடுதிக்குத் தீ வைக்க முயன்றார்கள். சண்டர்லாந்தில் பணிக்குச் சென்றுகொண்டிருந்த பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் தாக்கப்பட்டார்கள். போவன்பள்ளி வீட்டில் அந்த இரவுகளில் யாரும் உறங்கவில்லை. இரவுப் பணி முடித்து மகள் தனியாகப் பேருந்தில் திரும்ப வேண்டும்.

ஆகஸ்ட் 7 அன்று, குடியேற்ற உதவி மையங்களை வலதுசாரிகள் தாக்கப்போவதாகச் செய்தி பரவியதும், சிங்ஃபோர்டை அடுத்த வால்தம்ஸ்டோவில் பல்லாயிரம் பேர் திரண்டு தெருவை நிறைத்தார்கள். தாக்க வந்தோர் தலைகாட்டவில்லை. அக்கூட்டத்தில் ஜூலை 4 அன்று யார் யாருக்கு வாக்களித்தார் என்று எவரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அன்று பணி இருந்ததால் மகளால் போக முடியவில்லை. அந்த வாரத்தில் அவர் பராமரிப்புப் பணியாளர் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். குடும்பத்தை அழைத்துவரத் தடை விதிக்கும் விதியைப் பற்றிச் சங்கக் கிளையில் பேச வேண்டுமாம்; ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். தோழர் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார். இம்முறை, அந்த இல்லத்தில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சங்கத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதியிருக்கிறார்.