வெள்ளித் தண்ணீருக்கு நான் கொடுத்த சான்றிதழ்

நம் சங்க நண்பர் ஒருவர் இரண்டு வெள்ளிக் கம்பிகளையும் மூன்று 9 வோல்ட் பாட்டரிகளையும் கொண்டு வீட்டிலேயே 'கொலாய்டல் சில்வர்' தயாரிக்கிறார். காய்ச்சி வடித்த நீரில் கம்பிகளைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் வெள்ளி நீரில் கலக்கிறது. சளிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் நல்லதென்று தினமும் இரண்டு ஸ்பூன் குடிக்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு பாட்டிலுடன் வந்து, "சார், உங்களிடம் பி.எச். மீட்டர் இருக்கிறதே, அமிலமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். 6.8 காட்டியது. "கிட்டத்தட்ட நியூட்ரல்தான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த சங்கக் கூட்டத்தில், "ரயில்வே இஞ்சினியரே டெஸ்ட் பண்ணியது" என்று பாட்டிலைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு தாயார், குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விசாரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

ரயில் பெட்டி பாட்டரிகளோடு காலம் தள்ளியவன் நான். ஹைட்ரோமீட்டர் என்ன காட்டினாலும் 27 டிகிரிக்குத் திருத்தித்தான் எழுதுவோம். அந்தப் பழக்கமுள்ள நானே ஒரு எண்ணை அப்படியே நம்பினேன். மறுநாள் அதே பாட்டிலில் மீட்டர் 5.9 என்றது, கலக்கினால் ஒன்று, கலக்காவிட்டால் ஒன்று.

காரணம் மீட்டரின் பழுதல்ல. பஃபர் கரைசல்களில் அயனிகள் ஏராளம்; ஆகவே 4, 7, 9.2 மூன்றிலும் முள் நகராமல் நிற்கும். வடித்த நீரில் அயனிகள் மிகக் குறைவு. கண்ணாடி எலக்ட்ரோடுக்குப் பிடிமானம் கிடைக்காமல் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். பாட்டிலைத் திறந்து வைத்தாலோ, காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து, 7 இருக்க வேண்டிய நீர் 5.6 வரை இறங்கும். எலக்ட்ரோடை வடித்த நீரிலேயே ஊறவைத்திருந்தது என் சொந்தத் தவறு. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்திருக்க வேண்டும். லிட்மஸ் தாள் வகையறா இன்னும் மோசம், தாளிலுள்ள சாயமே இத்தகைய நீரின் பி.எச்.சை மாற்றிவிடும்.

சுத்த நீரை அளக்க ஒரு வழி உண்டு: துளி பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் எண் நிலைபெறும். அதையும் செய்து பார்த்தேன். நீர் லேசாக வெண்மையாகக் கலங்கியது! வெள்ளியும் குளோரைடும் சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகிவிட்டது. எலக்ட்ரோடுக்குள் இருப்பதும் குளோரைடுதான். அது கசியும் துளையில் இதே வெண்படிவு அடைத்துக்கொண்டால் அடுத்த அளவும் கெட்டது.

இத்தனையும் சரிசெய்து உண்மையான பி.எச்.சைக் கண்டுபிடித்தாலும் என்ன பயன்? அது வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. உடலில் வெள்ளி சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும், பெரும்பாலும் மாறாது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1999ஆம் ஆண்டிலேயே, கடையில் சீட்டின்றி விற்கும் இத்தகைய வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை, பயனுள்ளவை என்று ஏற்கத்தக்கவை அல்ல எனத் தீர்ப்புக் கூறிவிட்டது.

"நம் வீட்டில் வெள்ளிப் பாலாடையில் குழந்தைக்குப் பால் புகட்டவில்லையா?" என்கிறார் நண்பர். பாலாடையிலிருந்து வெள்ளி கரைவது அற்பம். இங்கே மின்சாரம் வைத்தல்லவா கரைக்கிறோம்!

அடுத்த கூட்டத்தில் அந்தத் தாயாரிடம் நானே பேசினேன். மீட்டர் என் அலமாரியில்தான் இருக்கிறது. கிணற்று நீர், தோட்டத்து மண் எதற்கு வேண்டுமானாலும் பஃபர் பொட்டலங்களோடு தருகிறேன். வெள்ளித் தண்ணீருக்கு மட்டும் தருவதாக இல்லை.