கடிநாயும் அதனை உடையாரும்

நெசவாளர் வாழும் ஊர்களில் தெருவென்பது போக்குவரத்திற்கு மாத்திரம் உரியதன்று, அதுவே தொழிற்கூடமுமாம். களம்பூரிலும் ஆரணியைச் சூழ்ந்த பிற பட்டுநெசவு ஊர்களிலும், வெயில் ஏறுமுன் பாவினைத் தெருவில் நீளக்கட்டிக் கஞ்சியிட்டு உலர்த்துவது வழக்கம். பெரியோர் இழை ஒதுக்கிக்கொண்டிருக்க, சிறுவர் அருகே ஓடியாடுவர். இத்தகைய தெருவில் ஒருவர் தம் வீட்டு வாயிலைத் திறந்து மூர்க்கமான நாயொன்றை வெளியே விடுவாராயின், அவர் பிறருடைய வேலைக்களத்திற்குள்ளும் குழந்தைகள் விளையாடும் முற்றத்திற்குள்ளும் அதனை விடுகின்றார் என்பதே பொருள்.

நாய் வளர்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற களம்பூரில் மூட்டைகளைக் காக்க நாய் வேண்டுமென்பதை யாரும் மறார். நம் நாட்டுக் காவல் இனங்களாகிய கோம்பையும் இராஜபாளையமும் தமிழறிந்தாரனைவரும் அறிந்தவையே. புதிதாக வந்தது யாதெனின், காவலுக்கன்றிக் கௌரவத்திற்காக ராட்வைலர், பிட்புல் முதலிய அயல்நாட்டு இனங்களை விலைக்கு வாங்கி, இரும்புச் சங்கிலியிற் பூட்டி, வழிப்போவார் அஞ்சுவதைக் கண்டு மகிழும் வழக்கம். இவ்வழக்கத்தைக் குறித்தே நாம் சில சொல்லக் கருதினோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவல்புரிந்தவருடைய ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடுக்கச் சென்ற தாயும் காயமுற்றார். நாய்களை உடையவர் கைதானார். அதற்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச்சு 12-ஆம் நாள், மத்திய அரசு 23 இனங்களைக் குறித்து, அவற்றிற்கு உரிமம் வழங்கலாகாதென்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்திருந்தது. உரியவர்களைக் கலந்து முறைப்படி செய்யப்பட்டதன்று என்று கருநாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் அதனைத் தள்ளிவிட்டது. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் என்னும் இரண்டிற்கும் இனிப் புதிய உரிமம் இல்லையென முடிவு செய்தது.

குழந்தையின் இரத்தத்தைக் கண்டவர்கள் தடையைக் கேட்பது இயல்பே. ஆயினும் தடை ஒன்றே நோயைத் தீர்க்குமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டிலேயே நான்கு வகை நாய்களை விலக்கிச் சட்டம் செய்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆட்கள் கடியுண்டு மாண்டமையால், 2023-ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸ்.எல். புல்லி என்னும் மற்றொரு வகையையும் அப்பட்டியலிற் சேர்க்கவேண்டியதாயிற்று. ஒல்லாந்தரோ, பிட்புல் தடையால் கடிகள் குறையவில்லையென்று கண்டு, 2008-ஆம் ஆண்டில் அதனை நீக்கிவிட்டனர். ஒரு பெயரை விலக்கினால், மூர்க்கத்தை விரும்புவோன் வேறு பெயருள்ள நாயைத் தேடுவான். நம் 23 இனப் பட்டியலில் கோம்பை இல்லை. அதனைக் கெடுத்து வளர்த்தால் அது கடியாதென்று சொல்லத் துணிவார் யார்?

இதனால் இனம் ஒரு பொருட்டன்று என்று நாம் வாதிப்பதாக எண்ணற்க. பிட்புல்லின் முன்னோர் காளையோடும் பிற நாயோடும் பொருதற்கென்றே தெரிந்தெடுத்துப் பெருக்கப்பட்டவை. ராட்வைலர் ஜெர்மனியிலுள்ள ராட்வைல் என்னும் ஊரில் மாடோட்டவும் வண்டியிழுக்கவும் பயன்பட்ட வலிய பிராணி. சிறு நாய் சினந்தால் கால்சட்டை கிழியும். இவை சினந்தால் உயிர்க்கே இறுதி வரும். இனத்தால் பெரிதும் மிகுவது கடியின் கொடுமை. கடிக்கும் எண்ணம் அந்த அளவிற்கு இனத்தைத் தொடர்ந்து வருவதில்லை. 2022-ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் வெளியான ஆராய்ச்சியொன்று, 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் வினாவி, ஒரு நாய்க்கும் மற்றொன்றிற்கும் குணத்திலுள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கினையே இனத்தைக்கொண்டு விளக்கலாகும் எனக் காட்டியது. எஞ்சியதில் வளர்ப்பிற்கு எத்துணைப் பங்குண்டென்பதை நம் ஊர்க் காவல் நாய்களைப் பார்த்தாலே அறியலாம்.

அவற்றை நாம் வளர்க்கும் முறைதான் என்னே! குட்டியைக் கொணர்ந்த நாள் முதல், பிறர் முகம் பார்த்தால் காவல் கெடுமென்று கொல்லையில் கட்டிவிடுகிறோம். பச்சை இறைச்சி கொடுத்தால் மூர்க்கம் ஏறும் என்கிறோம். உறுமினால் தட்டிக்கொடுக்கிறோம், அதுவே வீட்டாரைப் பார்த்து உறுமினால் தடியெடுக்கிறோம். ஆண்டுக்கணக்காகச் சங்கிலியிற் கிடந்த பிராணி ஒருநாள் சங்கிலி அறுந்து வெளிப்பட்டால், அதற்குத் தெரிந்த மனிதர் நால்வர்; உலகிலுள்ள ஏனையோரெல்லாம் பகைவர். நாயை அளவுக்கு மிஞ்சிய காலம் குறுஞ்சங்கிலியிற் கட்டிவைப்பதும், கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு உலாவ வாய்ப்பளியாதிருப்பதும், 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்களாம். இதனை அறிந்தவர் நம்மில் எத்தனைபேர்?

ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பல்லாண்டு நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரந்தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம்வரை குட்டி யாரோடு பழகுகின்றதோ, அவரையே தன் இனத்தவராக ஏற்கும் என்பது அவர் கண்ட உண்மை. நாமோ அவ்வாரங்களைத்தான் இருட்டறையில் கழிக்கச் செய்கிறோம். எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தலாகாது. வீட்டிற்கு வந்தபின், தடுப்பூசி முடியுங்காறும் தரையில் விடாது கையில் ஏந்தியேனும், தறியோசையையும் ஆலையின் இரைச்சலையும், பள்ளிப் பிள்ளைகளையும், தடியூன்றிச் செல்லும் முதியோரையும், மிதிவண்டியில் வரும் தபாற்காரரையும் அதற்குக் காட்டுதல் வேண்டும். ‘உட்கார்’, ‘நில்’, ‘விடு’, ‘வா’ என்னும் நான்கு சொற்களுக்குக் கட்டுப்படக் கற்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சொன்னதைச் செய்தவுடன் ஒரு துண்டு உணவு தருதலே அதற்குரிய வழி.

அடித்துப் பணியவைப்பதே ஆண்மை என்பாருமுளர். 2009-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நாய் வளர்ப்போரை வினாவி வெளியிட்ட ஆராய்ச்சியில், தம் நாயை அடித்தும் உதைத்தும் பார்த்தவருள் நூற்றுக்கு 43 பேர், நாய் எதிர்த்துச் சீறியதென்று கூறினர். உறுமலை அடித்து ஒடுக்குவதும் பேதைமையே. உறுமல் நாய் தரும் முன்னறிவிப்பு. அதனை ஒழித்தால் எஞ்சுவது அறிவிப்பில்லாக் கடி. குலைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பிக் கடியுண்டவர் நம் ஊர்களில் அநேகர்.

‘எல்லாரோடும் பழகிய நாய் காவல் காக்குமோ?’ என்று ஆலையுடையார் வினவலாம். நள்ளிரவில் அயலான் மதிலேறினால் குலைத்து உரியவரை எழுப்புவதே நாயின் காவல். கண்டாரையெல்லாம் கடிக்கும் நாய்க்குத் திருடனும் ஒன்றே, கூலி வாங்க வந்தவனும் ஒன்றே. காவல்துறையினரது நாய்க்குப் பிடி என்பதோடு விடு என்பதும் கற்பிக்கப்படுகிறது; பின்னதைக் கல்லாத நாய் அவர்களுக்குப் பயன்படாது.

வலிய நாயை வைத்திருப்பவர் அதற்கேற்ற பாரத்தையும் சுமத்தல் நேர்மை. தெருவிற்குக் கொண்டுவருங்கால் அதனை அடக்கவல்ல ஒருவர் வாரைப் பிடித்திருத்தல் வேண்டும். சிறுவனிடம் வாரைக் கொடுத்தனுப்புதல் தகாது. கன்றுக்கு வாய்க்கூடை கட்ட அறிந்த நம்மவர், நாய்க்கு அதனைக் கட்டுவதை இழிவாக நினைப்பது விந்தை. மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடந்தரும் கூடையாயிருந்தால் நாய்க்குத் துன்பமில்லை. வெறிநாய்க்கடி ஊசியும் பதிவும் தவறலாகாது. தம் பிராணியால் பிறர்க்கு நேரக்கூடிய இடரை அஜாக்கிரதையால் தடாதவர்க்கு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சங்கிதையின் 291-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. முகஞ் சிதைந்த குழந்தைக்கு ஐயாயிரம் ரூபாய் எம்மட்டு? இனங்களின் பட்டியலை நீட்டுவதினும், உடையவரே சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்கச் செய்யும் விதியொன்றை நம் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் கேட்டுப் பெறுமாயின் பயன் மிகும் என்பது நம் துணிபு.

இனி நம் மாணவ நண்பர்க்கு ஒரு வார்த்தை. கோடை விடுமுறையில் நண்பரோடு சேர்ந்து ஆசையால் குட்டியொன்றை வாங்குகின்றீர்கள். அது கைக்கடங்கியிருக்கும் வரை படமெடுத்து மகிழ்கின்றீர்கள். ஜூன் பிறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, களம்பூரிலுள்ள ஆரணி ரோடு நிலையத்தில் இரயிலேறி விடுதிக்கு வந்துவிடுகின்றீர்கள். ஓராண்டில் அது நாற்பது கிலோவிற்குமேல் வளர்ந்து நிற்கும்போது, அதற்குச் சோறிடுபவர் உங்கள் பாட்டியார். 2022-ஆம் ஆண்டு ஜூலையில் இலக்னோ நகரில், மகன் வளர்த்த பிட்புல் நாயால் தன் வீட்டிலேயே கடியுண்டு இறந்தவர் 82 வயதான மூதாட்டி. குட்டிக்கு விலை பேசுமுன், நீங்கள் இல்லாத பத்து மாதமும் அதன் வாரைப் பிடிப்பவர் யாரென்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள்; பாட்டியாரையும் கேளுங்கள்.