அடமா, வைராக்கியமா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் நாலைந்து ஒன்று சேர்ந்தால் பேச்சு எப்படியும் பிள்ளைகளிடம் வந்து நிற்கும். அப்போது அதிகம் அடிபடுகிற சொல் 'அடம்'. "எங்க சின்னவளுக்கு ரொம்ப அடம் சார், பிடிச்சா பிடிச்சதுதான்" என்று தகப்பனார் சலித்துக்கொள்வார். "அப்படியே உங்க குணம்" என்று அம்மா ஒரு போடு போடுவார். எல்லோரும் சிரிப்போம். பக்கத்தில் நிற்கும் சின்னவள் மட்டும் சிரிப்பதில்லை.

தமிழில் மன உறுதிக்குச் சொல் பஞ்சம் கிடையாது. மிட்டாய்க்காகத் தரையில் புரள்வது அடம். சொன்ன வேலையைச் செய்யாமல் முறைத்துக்கொண்டு நிற்பது முரண்டு. தனக்கே நஷ்டம் என்று தெரிந்தும் இறங்கி வராதது வீம்பு. ஒரு சொல் பொறுக்காமல் சிலிர்த்துக்கொள்வது ரோஷம். எடுத்ததை முடிக்காமல் ஓய்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுதான் வைராக்கியம். இத்தனை சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் 'அடம்' என்ற ஒன்றையே நாம் செலவழிக்கிறோம்.

வடக்கே வாழும் நமக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியிலும் தெருவிலும் 'ஜித்', 'ஹிம்மத்' என்று பேசி வளர்கிறார்கள். வைராக்கியம் என்ற சொல் அவர்களுக்குப் பாடப்புத்தகத்து இந்தி வழியாகத்தான் அறிமுகமாகிறது. அங்கே அதற்குப் பொருள் பற்றறுத்தல், துறவு. "என் பையன் வைராக்கியமாகப் படிக்கிறான்" என்று பக்கத்து வீட்டு சர்மாஜியிடம் சொன்னால், பையன் காவி கட்டிக்கொண்டு ஹரித்வாருக்குப் போகப் போகிறான் என்று நினைத்துக் கவலைப்படுவார். தைரியமும் இப்படித்தான். இந்தியில் அது பொறுமை, நமக்கோ துணிச்சல். வடமொழியிலிருந்து வந்த சொற்கள்தாம். ஆனால் நம் முன்னோர் அவற்றுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒன்றை அடைய மற்ற ஆசைகளை விட வேண்டும் என்பதால், துறவைக் குறித்த சொல் உறுதியைக் குறிக்க வந்ததோ என்பது என் ஊகம். பழைய பொருளின் சாயல் 'மசான வைராக்கியம்', 'பிரசவ வைராக்கியம்' என்னும் வழக்குகளில் இன்றும் இருக்கிறது. சுடுகாட்டில் வந்து வீட்டு வாசலில் காணாமல் போகிற வைராக்கியம் அது!

பிடிவாதத்துக்கும் வைராக்கியத்துக்கும் என்ன வித்தியாசம்? நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். எங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். மழைக்காலத்தில் தண்டவாளத்தின் அடியில் தண்ணீர் தேங்கினால், ட்ராக் சர்க்யூட்டில் ஓடும் மின்சாரம் கசியும். வண்டியே இல்லாத இடத்தில் வண்டி நிற்பதாக எண்ணி சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். பழுது பார்க்க இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர் "கேபிள்தான் போயிருக்கு" என்று முடிவு கட்டிக்கொண்டு, மீட்டர் வேறு சொன்னாலும் கேபிளையே தோண்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் கொட்டும் மழையில் ஒவ்வொரு ஜாயிண்டாக அளந்துகொண்டே நடப்பார். தன் கணிப்பு தவறு என்று தெரிந்தால் அந்த நிமிஷமே அதை விட்டுவிடுவார். சிக்னல் பச்சை காட்டும் வரை வீட்டுக்கு மட்டும் போக மாட்டார். முன்னவர் பிடித்துக்கொண்டது வழியை. பின்னவர் பிடித்துக்கொண்டது இலக்கை. முன்னது பிடிவாதம், பின்னது வைராக்கியம்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் பாம்பன் பாலம் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் இரும்பு கர்டர்கள் கடலில் விழுந்தன. சீரமைக்க ஆறு மாதம் என்று முதலில் திட்டம். பின்னர் அது மூன்று மாதமாகக் குறைந்தது. பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், புதிய கர்டர்கள் வரட்டும் என்று காத்திராமல், கடலில் கிடந்தவற்றையே தேடி எடுத்து மீண்டும் பொருத்த வைத்தார். 46 நாட்களில் வேலை முடிந்தது. வழி மாறியது, குறி மாறவில்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்தச் சொற்களை நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பங்கிடுவதில்லை. பையன் இரவு இரண்டு மணி வரை நுழைவுத் தேர்வுக்குப் படித்தால், "வைராக்கியமான பிள்ளை" என்கிறோம். பெண், "நான் மெக்கானிக்கல்தான் படிப்பேன், வெளியூர் வேலைக்கும் போவேன்" என்று நின்றால், "இத்தனை பிடிவாதம் பெண் பிள்ளைக்கு ஆகாது" என்கிறோம். இன்னும் கோபம் வந்தால் 'திமிர்'. இருவரிடமும் இருப்பது ஒரே குணம். நாம் ஒட்டுகிற சீட்டுதான் வேறு.

சென்னையில் பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர் ஏ. லலிதா. கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, 1940களில் நாட்டின் முதல் பெண் மின் பொறியாளர்களில் ஒருவராகி, பின்னர் கல்கத்தாவில் பக்ரா நங்கல் அணைக்கான மின்தடங்களின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டார். மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்திலிருந்து மத்திய ரயில்வேக்கு வந்த சுரேகா யாதவ், என்னைப் போல டிப்ளமோ படித்தவர். 1980களின் இறுதியில் ரயில் என்ஜினில் ஏறிய அவர், 2011 மார்ச் 8 அன்று டெக்கான் குயினையும், 2023 மார்ச்சில் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத்தையும் ஓட்டினார். இவர்களுடைய குணத்துக்கு 'அடம்' என்று பெயர் வைக்க நமக்கு மனம் வருமா?

"பிள்ளைகளை இப்படிப் புகழ்ந்தால் தலைமேல் ஏறி உட்காருவார்கள்" என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். அடத்தை அடம் என்று கண்டிக்கத்தான் வேண்டும். புதுச் செல்போன் கேட்டுச் சாப்பிடாமல் கிடப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எதைத் திருத்திக்கொள்வது, எதைக் காப்பாற்றிக்கொள்வது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அதனால் என் யோசனை எளியது. வைராக்கியம் என்ற சொல்லை மேடையிலிருந்து இறக்கி அடுக்களைக்கும் கூடத்துக்கும் கொண்டு வருவோம். "நாலு தடவை விழுந்தும் வைராக்கியமா சைக்கிள் கத்துக்கிட்டாளே!" "அந்தக் கணக்கை விடாம போட்டு முடிச்சே பாரு, அதுதான் வைராக்கியம்." "தாத்தா ஒரு மாசமா காப்பியில சர்க்கரை தொடல, என்ன வைராக்கியம்!" இப்படிச் சின்னச் சின்ன வாக்கியங்களில் வந்தால்தான் ஒரு சொல் பிள்ளையின் நாவில் ஒட்டும். பெண் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது கூடுதலாக ஒரு தடவை சொல்லுங்கள்; பழைய பாக்கி நிறைய இருக்கிறது.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் இதை ஒரு பயிற்சியாக வைக்கலாம். அடம், வீம்பு, ரோஷம், வைராக்கியம் ஆகிய நான்கையும் கரும்பலகையில் எழுதி, தங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லலாம். நம் வீட்டு விவகாரம் கொஞ்சம் வெளியே வரும், பரவாயில்லை. பிள்ளைகள் எந்தச் சொல்லை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று அன்று பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்கட்டும்.