திண்ணைக்கு வாடகை

சென்ற தை மாதத்தில் கலியாணமான ஒரு பெண், என் தமக்கையின் பேத்தி, தன் புருஷனுடன் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு விருந்துக்கு வந்திருந்தாள். எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்கு இந்தச் சொல் விளங்காது. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போனபோது 'கொம்யூன்' என்ற வார்த்தையை எங்களிடம் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்பதைப் போல நாங்கள் கொம்யூன் என்கிறோம். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும், மாப்பிள்ளைப் பையன் செல்போனை என் முன்னால் நீட்டினான்.

"தாத்தா, நாளைக்கும் நாளன்னிக்கும் பாண்டியிலே தங்கலாம்னு இருக்கோம். நீங்க இந்தப் பக்கத்துக்காரங்க. இந்த நாலு ஹோட்டல்லே எது ரொமான்டிக்கா இருக்கும்னு சொல்லுங்க."

கிழவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான்! என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு படங்களையும் சிரத்தையாகப் பார்த்தேன்.

முதல் படத்தில் ஒரு முற்றம். நாலு பக்கமும் மரத்தூண்கள். நடுவில் பித்தளை உருளி. உருளித் தண்ணீரில் பூ மிதக்கிறது. இரண்டாவதில் மஞ்சள் சுவரும் அதன்மேல் காகிதப்பூக் கொடியும். மூன்றாவதில் கூடத்தில் தொங்கும் ஊஞ்சல். நாலாவது ஒரு திண்ணை. அதன்மேல் மெத்தை, திண்டு, ஓர் அரிக்கேன் விளக்கு. இரவு ஒன்றுக்கு வாடகை பதினாயிரத்தை ஒட்டியும் தாண்டியும் போட்டிருந்தது.

"தம்பி, இந்த முற்றம், இந்த ஊஞ்சல், இந்தத் திண்ணை எல்லாம் நீ உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே இருந்தன. நாங்கள்தான் இடித்தோம்" என்றேன். அவன் நம்பவில்லை. தலைக்குமேல் கான்கிரீட், காலுக்குக் கீழ் வழவழவென்று டைல்ஸ், சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவன் எப்படி நம்புவான்?

இந்த விஷயத்தில் எனக்குள்ள ஆத்திரத்தை இங்கே கொட்டிவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன். ஹோட்டல்காரர்களிடம் மட்டுமல்ல, எங்களிடமும்தான்.

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை எந்தக் கிராமத்துத் தெருவை வேண்டுமானாலும் பாருங்கள். நாட்டு ஓடு போட்ட பழைய வீடு தெருவுக்கு ஒன்று மிஞ்சியிருந்தால் அதிகம். அதுவும் பங்காளிகள் வழக்கில் கிடப்பதால் மிஞ்சியது. பாக்கி எல்லாவற்றையும் நாங்களே கடப்பாறை எடுத்து இடித்தோம். தூண்களை விற்றோம். கதவு நிலைகளை விற்றோம். பழஞ்சாமான் வியாபாரி லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். விறகு விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தான் என்று மகிழ்ந்தோம். இப்போது அந்தத் தூண்கள் யாருடைய தேனிலவுக்கு நிழல் தருகின்றனவோ!

பழைய வீடுகளைப் பற்றி இப்படி நான் உருகுவதைக் கேட்டால் என் மனைவிக்குக் கோபம் வரும். "அந்த வீட்டிலே பதினாறு பேர். கலியாணமாகி ஆறு மாசம் உங்க முகத்தைப் பகல்லே நான் பார்த்ததில்லே. மழை பேஞ்சா முற்றத்துத் தண்ணியை யார் தள்ளினது? நீங்களா?" என்பாள். நியாயமான கேள்வி. முற்றத்து வீட்டைப் போலப் புதுத் தம்பதிகளுக்கு விரோதமான கட்டடத்தை எந்தக் கொத்தனும் கட்டியதில்லை. அதைக் காதலர்களுக்கென்றே கட்டியதுபோல விளம்பரம் செய்வது முதல் பொய்.

அந்த வீட்டில் உண்மையாகவே உயர்ந்ததாக இருந்தது வேறு. அது வாசலில் இருந்தது.

புதுவைப் பட்டணத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகள். மேற்கே தமிழர் வீடுகள். கிழக்கே உயரமான மதில், அதில் ஒரு பெரிய கதவு, உள்ளே தோட்டம். தெருவில் போகிறவனுக்குச் சுவர் மட்டும்தான். மேற்கே அப்படியல்ல. வீட்டின் முன்பக்கத்தில் திண்ணை. திண்ணைக்கு முன்னால் தெருவை ஒட்டித் தாழ்வாரம். வீட்டுக்காரன் தன் நிலத்தில், தன் செலவில், முன்பின் தெரியாதவன் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகக் கட்டிவைத்த இடம் அது. கிராமத்திலும் அதே வழக்கம்தான். வளையல்காரன், உப்பு வண்டிக்காரன், கோயிலுக்கு நடந்து போகிறவன் எல்லோரும் எங்கள் திண்ணையில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். பெயர் கேட்டதில்லை. ஜாதி கேட்டதில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய் சொல்லக் கூடாது. கேட்டோம். சேரியிலிருந்து வந்தவன் திண்ணை ஏறியதில்லை. அந்தக் களங்கம் திண்ணைக்கு உண்டு. அதைத் துடைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்க வேண்டியவர்கள் திண்ணையையே இல்லாமல் செய்தோம்.

மறுநாள் மாலை, பட்டணத்தில் வேறு வேலையாகப் போனவன், குழந்தைகளைப் பார்த்துவிட்டு வரலாமென்று அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். கடைசியில் திண்ணைப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர்கள் கடற்கரைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வரும்வரை இருப்போமென்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்தேன். திண்டில் சாயக்கூட இல்லை. காவல்காரர் வந்தார். நல்ல மனிதர், பேச்சில் எங்கள் பக்கத்து வாடை அடித்தது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. ரூம் எடுத்தவங்க மட்டும்தான் இங்கே உக்காரலாம். ஆபீஸ்லே பார்த்தா என்னைச் சத்தம் போடுவாங்க."

எழுந்து எதிர்ச் சாரியில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு அந்தத் திண்ணையைப் பார்த்தேன். கட்டியவன் எதற்குக் கட்டினானோ அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இன்று அதில் இடமில்லை. மற்றபடி சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னால், "அவர்கள் இல்லாவிட்டால் அந்த வீடே இருந்திருக்காதே" என்று பதில் வரும். வரட்டும், அதில் உண்மை இருக்கிறது. 1870-களின் தொடக்கத்தில் கட்டிய மேரி என்ற நகர மண்டபம், கடற்கரைச் சாலையில், எல்லோருடைய கண்ணெதிரேயும், 2014 நவம்பர் மழையில் பொத்தென்று விழுந்தது. பிறகு பழைய உருவிலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். சர்க்கார் கட்டடத்துக்கே அந்தக் கதியென்றால், பத்துப் பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டை யார் பார்ப்பது? இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு நிறுவனம் புதுவையில் பல வருஷங்களாக வீடுவீடாக ஏறி இறங்கிக் காப்பாற்றியது கொஞ்சமல்ல. பெருமாள் கோயில் தெருவில் மேஸோன் பெருமாள் என்று ஒரு பழைய தமிழ் வீடு ஹோட்டலாகி நன்றாக நிற்கிறது. 'மேஸோன்' என்றால் பிரெஞ்சில் வீடு. பெருமாள் வீடு என்று பலகை வைத்தால் நாம் போகமாட்டோம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்களைக் குற்றம் சொல்வானேன்? நம்முடைய புத்தி அப்படி.

அந்தப் புத்தியின்மேல்தான் என் பெரிய புகார். என் பேத்தி அந்த நாலு ஹோட்டல்களைப் பொறுக்கியதற்குக் காரணம் கேட்டேன். "வைட் டவுன்லே இருக்கு தாத்தா, பிரெஞ்சு ஃபீலிங் இருக்கும்" என்றாள். வெள்ளையர் நகரம்! பிரெஞ்சுக்காரன் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பட்டணம் என்றும் மேற்கே கறுப்பர் பட்டணம் என்றும் பெயர் வைத்தான். அவன் போய்விட்டான். அவன் வைத்த பெயரை நாம் அறை வாடகையோடு சேர்த்து விற்கிறோம். கறுப்பர்களான நாமே வாங்குகிறோம்.

1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரவேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று எட்டுப் பேர். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிந்தது. கீழூரில் அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பட்டணத்திலிருந்து அரைமணி நேரப் பிரயாணம்தான். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற ஆயிரக்கணக்கான கார்களில் எத்தனை அந்தப் பக்கம் திரும்புகின்றன? அந்த எட்டு ஓட்டுக்காரர்கள் இன்று எழுந்து வந்தால், "பார்த்தீர்களா, கடைசியில் எங்கள் கட்சிதானே ஜெயித்தது?" என்று கேட்க மாட்டார்களா?

சரி, காதல்தான் வேண்டும் என்றால் அதற்கும் இந்தப் பூமியில் கதை உண்டு. பாரதி பூங்காவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளாத தம்பதி இல்லை. புதுவை சர்க்காரின் முத்திரையே அதுதான். அது ஆயி மண்டபம். ஆயி ஒரு தாசி. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கமாக வந்தபோது, தீபாலங்காரமாக ஜொலித்த அவள் மாளிகையைக் கோயிலென்று எண்ணிக் கும்பிட்டாராம். தாசி வீடு என்று தெரிந்ததும் அவமானப்பட்டு இடிக்கச் சொன்னாராம். அவள் தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினாள் என்பது கர்ண பரம்பரை. முத்தரையர்பாளையத்திலிருந்து பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது மூன்றாம் நெப்போலியன் காலத்தில். அதற்கு நினைவாக எழுந்ததுதான் அந்த மண்டபம்.

எங்கள் பாகூர் ஏரிக்கும் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. சிங்காரி, பங்காரி என்று இரண்டு தாசிகள். பெண்ணையாற்றுத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கிறது. அந்த ஏரித் தண்ணீரில் விளைந்துதான் பாகூர் புதுவையின் நெற்களஞ்சியமாயிற்று. சிருங்காரத்தையே ஜீவனமாகக் கொண்ட பெண்கள் தங்கள் மாளிகையைக் குளமாக்கினார்கள், தங்கள் பொன்னை வாய்க்காலாக்கினார்கள். நாம் வாய்க்காலைத் தூர்த்து மனைக்கட்டு போடுகிறோம்; மனைக்கட்டில் நீச்சல் குளத்தோடு உல்லாச விடுதி கட்டுகிறோம். கடலோரத்துக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது என்று கேள்விப்பட்டால், போரை இன்னும் ஐம்பது அடி இறக்குகிறோம்.

இப்போது அந்த வியாபாரம் எங்கள் பக்கமும் திரும்பியிருக்கிறது. தென்னந்தோப்புக்குள் 'கிராமத்து அனுபவம்' என்று ரிசார்ட்டுகள் முளைக்கின்றன. மாட்டு வண்டிச் சவாரி, வில்லியனூர்க் குயவர்களின் சுடுமண் குதிரை, வாழை இலைச் சாப்பாடு எல்லாம் உண்டாம். கிராமத்தைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் போலிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு தரகர் என்னிடமே வந்து, "ஏரி பார்த்த நிலம் வச்சிருக்கீங்களே, வெளியூர்ப் பார்ட்டி கேக்குது. நெல்லு போட்டு என்னங்க கண்டீங்க?" என்றார். நெல் போட்டு நான் கண்டது அதிகமில்லைதான். அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலையில், ஊருக்குத் திரும்பும் வழியில் அந்தப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். ஹோட்டல் எப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருந்துது தாத்தா. ஆனா அந்தத் திண்ணையிலே உக்கார்ந்தா ஏதோ கண்காட்சியிலே வச்ச மாதிரி இருந்துது. போறவங்க எல்லாம் போட்டோ எடுத்தாங்க" என்றாள் பேத்தி.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். வீட்டை மாற்றிக் கட்டியபோது, ஞாபகத்துக்காக முன்பக்கத்தில் ஒரு முழத் திண்ணை விட்டிருந்தோம். அதற்கு இரும்புக் கிராதி போட்டுப் பூட்டும் போட்டிருக்கிறோம். நாய்கள் ஏறிப் படுக்கின்றன என்று.

"தாத்தா, இதிலே கொஞ்ச நேரம் உக்காரலாமா?" என்று கேட்டான்.

சாவியைத் தேடினோம். அலமாரியில் இல்லை, பூஜை அறை ஆணியில் இல்லை. "பூட்டித் திறந்தாத்தானே இடம் ஞாபகம் இருக்கும்" என்றாள் என் மனைவி. அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.