சர்க்கரையும் சஞ்சலமும்

திருக்கோவிலூரில் பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. பாரி வள்ளல் மாண்டபின், அவனுடைய பெண்மக்களுக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டு, கபிலர் அங்கேதான் உயிர் துறந்தார் என்பார்கள். உண்ணாமல் வடக்கிருந்தார் என்பது ஒரு வழக்கு. தீயில் புகுந்தார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள ராஜராஜ சோழன் காலத்துச் சாஸனம் கூறுகிறது. எது எப்படியாயினும், துக்கம் மிகுந்தால் சோறு இறங்காது என்பதைத் திருக்கோவிலூர்வாசிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் துக்கம் மிகுந்தால் சோறு அளவுக்கு மிஞ்சியும் இறங்குவதுண்டு. இதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அதிலும் உண்பவர் சர்க்கரை வியாதிக்காரராக இருந்துவிட்டால், "நாக்கைக் கட்டத் தெரியாத மனுஷர்" என்று தீர்ப்பே கூறிவிடுகிறோம். 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி நம் தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். ஆகவே இது எங்கோ ஒரு வீட்டுக் கதையன்று.

இரத்தப் பரிசோதனை நெருங்குகிறது. வீட்டுப் பெரியவர் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்து நல்ல கணக்குக் காட்டிவிடுகிறார். அன்றிரவு எல்லோரும் உறங்கியபின் அடுக்களையில் டப்பா மூடி மெல்லத் திறக்கிறது. முறுக்கு, மிஞ்சிய சோறு, பேரனுக்கு வாங்கிய மிட்டாய்! பசியுமில்லை, ருசியுமில்லை, நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். பிறகு வெட்கம். அதற்குப் பிராயச்சித்தமாகக் காலை ஆகாரம் வேண்டாமென்று மாத்திரையை மட்டும் விழுங்குகிறார். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டும். அப்போது இனிப்பு உண்டே ஆகவேண்டும். வீட்டாரோ அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள்!

நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. சோர்ந்தவருக்கு நடக்கக் கால் எழாது, உறக்கம் கெடும், மருந்து மறக்கும், சர்க்கரை ஏறும், அதைக் கண்டு மனம் மேலும் குன்றும். 17-ம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர், நீடித்த துயரமே இந்நோயை விளைவிப்பதாக எழுதினார். துயரம் ஒன்றே காரணம் என்பது அதிகப்படிதான். இரண்டுக்கும் உறவு உண்டென்று கண்டுகொண்டாரே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

2021 முதல் நம் மாகாணத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தின்மூலம் மாத்திரை வாயிற்படிக்கே வருகிறது. நல்ல காரியம். ஆனால், கொண்டு வருகிறவரிடம் சர்க்கரை எத்தனை என்று சொல்கிறோமே தவிர, இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை என்பதை வாய்விட்டுச் சொல்கிறோமா? அதைச் சொல்ல வெட்கமாயிருந்தால், 2022-ல் சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 என்ற எண்ணில் முகம் காட்டாமலே தமிழில் பேசலாம். இந்தச் சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையும் உண்டு, மருந்தும் உண்டு. அம்மருந்துகளில் சில உடல் எடையைக் கூட்டுமாதலால், நீரிழிவு இருப்பதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

சில வீடுகளில் பட்சண அலமாரிக்குப் பூட்டுப் போடுகிறார்கள். பூட்டினால் ஒளிவு மறைவு பெருகுமேயொழியச் சர்க்கரை குறைவதாக நமக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, பரிசோதனைச் சீட்டோடு இரவு அடுக்களை விவகாரத்தையும் பெரியவரே சொல்லட்டும். அவர் சொல்லும்போது அருகிலிருப்பவர்கள் குறுக்கிட்டுப் புகார் படிக்க வேண்டாம். கேட்டறிந்தபின் மாத்திரையின் வகையையோ வேளையையோ வைத்தியர் மாற்றிக் கொடுக்கக்கூடும்.